நித்திரை மருந்து யாருக்கு?

பென்சன் எடுத்தால் ஆறுதலாக இருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னால் ஒரு இடத்தில் குந்த முடியவில்லை. எதிர்வீட்டு வான் பின்னுக்கு எடுக்கும்போது பீப் பீப் என்று கத்தும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கையில் இருக்கும் தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டு எழும்பிவிடுவேன், எந்தக் கட்டிலின் மெஷின் கத்துகிறது என்று பார்க்க. என் மனிசன் கதிரையில் இருந்தபடியே சிரிப்பார். "இஞ்சாரும், அந்த நித்திரை மருந்தில ஒரு போத்தல் வீட்டை கொண்டந்திருக்கலாம் நீர். உமக்கு ஏத்திவிட்டிட்டு நானும் நிம்மதியா இருந்திருப்பன்" என்பார். சிரிக்கட்டும். முப்பது வருசத்துக்கு மேல் மற்றவர்களை நித்திரையாக்கியவளுக்கு நித்திரை வராது என்பது அவருக்கு விளங்காது.

போன மாதம் என் பழைய பிரிவில் வேலை செய்யும் சுகந்தி போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். "அக்கா, மூளை ஒப்பரேசன் முடிஞ்சு மூச்சு மெஷினில வாற ஆக்களுக்கு எந்த நித்திரை மருந்து நல்லதெண்டு இப்ப சுவரில அட்டை அடிச்சு ஒட்டியிருக்கு. பாத்துப் போட்டாச் சரி. நீங்கள் உங்கட அனுபவம் ஒண்டை எழுதித் தாங்கோவன். சின்னப் புத்தகம் ஒண்டு போடுறம்."

எது நல்ல மருந்து என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். ஆளைச் சொல்லு, பிறகு மருந்தைச் சொல்லுகிறேன். சுகந்திக்கு அப்படித்தான் பதில் பதிந்து அனுப்பினேன். பிறகு கோபம் ஆறாமல் இதை எழுத இருந்தேன்.

படித்த காலத்தைப் பற்றி நீட்ட மாட்டேன். யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சி, பிறகு இடம்பெயர்வு, பிறகு தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே ஆஸ்பத்திரி. கெட்டமின் என்ற ஒரே ஒரு மயக்க மருந்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்த காலம் அது. அதுவும் முடிந்த நாட்கள் இருந்தன. அதை எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது, நானும் முடியமாட்டேன். சண்டை எல்லாம் ஓய்ந்த பிறகு கண்டி வீதியோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாக ஐ.சி.யூ திறந்தார்கள். என்னை அங்கே போட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதத் தேவையில்லை.

எங்களிடம் மூளை ஒப்பரேசன் செய்கிற டொக்டர் இல்லை. தலையில் அடிபட்ட ஆட்களைப் பெரிய பட்டணத்துக்கு அனுப்புவோம். அங்கே கட்டில் தட்டுப்பாடு. தலையைத் திறந்து, இரத்தக் கட்டியை எடுத்து, மூடி, அடுத்த நாளே வாயில் மூச்சுக் குழாயோடு எங்களிடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு ஆள் பிழைப்பதும் பிழைக்காததும் எங்கள் கையில்.

அப்படி வருகிற நோயாளிக்கு இரண்டு தேவைகள். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கிறவை. மூளை ஆறுதலாக இருக்க வேண்டும். ஆள் குழாயோடு மல்லுக்கட்டி இருமினால், பிறஷர் ஏறினால், ஒப்பரேசன் செய்த இடத்தில் திரும்ப இரத்தம் கசியலாம். ஆகவே நித்திரையாக்கு. ஆனால் மூளை வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் முழிக்க வேண்டும். ஆகவே எழுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் மருந்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

மிடசோலம் மலிவு, எப்போதும் கையிருப்பில் இருக்கும், பிறஷரைப் பெரிதாக விழுத்தாது. ஆனால் உடம்பில் தங்கிவிடும். நிறுத்தி நாட்கணக்காகியும் ஆள் முழிக்காவிட்டால் அது மருந்தா மூளையா என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். புரொபோஃபோல் பால் நிறத்து மருந்து. நிறுத்தினால் கெதியாக முழிப்பு வரும், ஆளைப் பார்க்கலாம். ஆனால் பிறஷரை இறக்கிவிடும். பிறஷர் இறங்கினால் அடிபட்ட மூளைக்கு இரத்தம் போகாது. பிந்தி வந்தது டெக்ஸ். அதன் முழுப் பெயரைச் சொல்ல நாக்குச் சுளுக்கும். அதைப் போட்டால் ஆள் நித்திரை கொள்வார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பார், விட்டால் திரும்ப நித்திரை. கேட்க நல்லாய் இருக்கிறதல்லவா? ஆனால் அது நாடியைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது. எல்லாவற்றுக்கும் முதல் நோவு. நோகிறவனுக்கு நோ மருந்து கொடுக்காமல் நித்திரை மருந்து கொடுப்பது அநியாயம்.

இவ்வளவையும் எனக்குப் புகட்டியவர் டொக்டர் நிலந்தி. மயக்க மருந்து நிபுணர், தென்பகுதிச் சிங்களப் பெண், எங்களிடம் வந்துதான் தமிழ் படித்தார். சத்தம் போட மாட்டார். கதிரையில் இருந்து நான் கண்டதில்லை. கட்டிலடிக்கு வந்தால் முதலில் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மெஷினில் நாடித்துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும், ஆனாலும் பிடிப்பார். பிறகு மருந்து ஏற்றும் பம்பைக் காட்டி ஒரே கேள்வி: "மிஸ்ஸி, இந்த மருந்து யாருக்கு?"

முதல் தடவை நான் நோயாளியின் பெயரைச் சொன்னேன். அதில்லை என்று தலையாட்டினார். "பெயர் தெரியும். நோயாளிக்கா, எங்களுக்கா?"

அர்த்தம் விளங்கப் பிறகு ஒரு சம்பவம் வேண்டியிருந்தது. ஜெயபுரத்தில் இருந்து ஒரு கமக்காரர், உழவு மெஷினில் இருந்து விழுந்து தலையில் ஒப்பரேசன். காலையில் இருந்து கால் அடித்தார், கட்டிலை உலுக்கினார். கடமையில் நின்ற இளம் டொக்டர் மருந்தைக் கூட்டச் சொல்லிவிட்டார். டொக்டர் நிலந்தி வந்து பம்பில் கைவைக்கவில்லை. போர்வையை நீக்கினார், வயிற்றை அமத்தினார். சலம் போகிற குழாய் நோயாளியின் தொடைக்குக் கீழே மடிந்து கிடந்தது. அதை நிமிர்த்தியதும் பை நிரம்பியது, மனிதர் அடங்கினார். "மருந்து கூட்டினா நீங்க எல்லாரும் அமைதி. அவர் மட்டும் அமைதி இல்லை" என்றார். இளம் டொக்டர் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கென்னவோ சந்தோசமாகத்தான் இருந்தது.

காலையில் எழுப்பிப் பார்க்கிற வேலையை அவர் எங்களிடம்தான் விட்டிருந்தார். மருந்தை நிறுத்து. பக்கத்திலேயே நில், சாப்பிடப் போகாதே. கண்மணி இரண்டையும் லைற் அடித்துப் பார். கூப்பிடு. கை இரண்டையும் இறுக்கச் சொல்லு, கால் விரலை ஆட்டச் சொல்லு. ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாவிட்டால் உடனே கத்து. இதில் கூப்பிடுகிற விசயத்தில் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. கட்டிலில் தொங்கும் அட்டையில் இருக்கிற பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. வீட்டில் வேறு பெயர். ஆகவே ஆள் வந்த உடனே உறவினரிடம் "வீட்டில எப்பிடிக் கூப்பிடுறனீங்கள்?" என்று கேட்டுவைப்போம்.

முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஒருவருக்கு வேறிடத்தில் மிடசோலத்தை அள்ளி ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மனிதருக்கு ஈரலும் சரியில்லை, சிறுநீரகமும் சரியில்லை, மருந்து வெளியேற வழியில்லை. நிறுத்திய பிறகும் அசைவே இல்லை. புத்தளத்தில் இருந்து பிள்ளைகள் எல்லாம் வந்து கடைசி முகம் பார்த்துவிட்டு வெளியில் அழுதுகொண்டு நின்றார்கள். டொக்டர் நிலந்தி மட்டும் "பொறுங்க, இது மருந்து" என்று பிடிவாதம். ஒரு மத்தியானம் கண் திறந்தார். குழாயை எடுத்ததும் முதல் கேள்வி, "கடையை ஆர் திறந்தது?" அவருடைய மூத்த மகன் அழுத கண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் மிடசோலத்தை யாருக்கும் கண்ணில் காட்டக்கூடாது என்று ஆகிவிட்டது. வலிப்பு வந்தால் மட்டும் ஊசியாக அடிப்போம், மற்றபடி அலுமாரிக்குள் கிடக்கும்.

இந்த நிலையில்தான் மலர் அக்கா வந்தார்.

மல்லாவி ஆள். முழுப்பெயர் செல்வமலர். ஐம்பது தாண்டிய வயது. புருசன் இல்லை. மூத்த மகனைச் சண்டையின் கடைசி நாட்களில் தவறவிட்டவர். மிஞ்சியது ஒரு மகள், தர்சினி, முன்பள்ளி ஆசிரியை. வவுனியாவில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பஸ்ஸால் இறங்கி வீதியைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டது என்று சொன்னார்கள். பட்டணத்தில் ஒப்பரேசன் முடித்து, மிடசோலம் ஏறியபடி எங்களிடம் வந்தார். டொக்டர் நிலந்தி அதைக் கண்டதும் முகத்தைச் சுளித்து, புரொபோஃபோலுக்கு மாற்றினார்.

முதல் நாள் காலை நிறுத்திவிட்டு "மலர் அக்கா" என்று கூப்பிட்டேன். கண் திறந்தார். இரண்டு கையையும் இறுக்கினார். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. குழாயை எடுக்கலாம் என்று புரொபோஃபோலையும் குறைத்து டெக்ஸைத் தொடங்கினோம். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி.

அடுத்த நாள் பிடித்தது சனி. காலையில் இருந்து வேர்வை. துடைக்கத் துடைக்க ஊற்றியது. கை நடுக்கம். நாடி ஓட்டம், பிறஷர் கன்னாபின்னாவென்று ஏறியது. கண் திறந்திருக்கிறது, ஆனால் ஆளைப் பார்க்கவில்லை, முகட்டைப் பார்க்கிறது. நோ மருந்து கூட்டினோம், கேட்கவில்லை. சலக் குழாய் சரி, காய்ச்சல் இல்லை, சீனி சரி. டெக்ஸைக் கூட்டினோம். நாடி கொஞ்சம் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. கட்டிலோடு சேர்ந்து மேசையும் ஆடியது. மத்தியானத்துக்குக் கிட்ட வலிப்பு வந்தது.

அலுமாரியில் கிடந்த மிடசோலத்தை எடுத்துச் சின்ன அளவாக ஊசி அடித்தேன். வலிப்பு நின்றது.

மூளை ஒப்பரேசன் முடிந்த ஆளுக்குப் பிறஷர் ஏறி வலிப்பும் வந்தால் எல்லோருக்கும் வருகிற முதல் யோசனை ஒன்றுதான்: உள்ளே திரும்ப இரத்தம் கசிகிறது. ஸ்கான் எடுக்க வேண்டும். எங்கள் ஸ்கான் மெஷின் அந்தக் கிழமை பழுதாகிக் கிடந்தது. அது அப்படித்தான், தேவைப்படுகிற கிழமையில்தான் பழுதாகும். ஆகவே பட்டணத்துக்குக் கொண்டு ஓட வேண்டும். இந்த நிலையில் உள்ள ஆளை வென்டிலேட்டரோடு அம்புலன்ஸில் அவ்வளவு தூரம் கொண்டுபோனால் வழியிலேயே முடிந்துவிடலாம். கொண்டுபோகாமல் விட்டு, உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். டொக்டர் நிலந்தி அம்புலன்ஸை வரச் சொன்னார். வெளியில் அது வந்து நின்று எஞ்சின் ஓடுவது உள்ளே கேட்டது.

அந்த நேரம்தான் அவர் மலர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "மிஸ்ஸி, கூப்பிடுங்க."

"மலர் அக்கா!" என்றேன். கண் என் பக்கம் திரும்பியது. கையை நீட்டினேன். இறுக்கினார். இரண்டு கையாலும். நடுக்கமும் குறைந்திருந்தது.

"நித்திரை மருந்து அடித்தோம். ஏன் முழிப்பு?" என்றார் டொக்டர்.

மயக்க வேண்டிய மருந்து ஆளைத் தெளிய வைத்திருக்கிறது. அப்படியானால் அந்த உடம்பு அந்த மருந்துக்குத்தான் ஏங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. டொக்டர் நிலந்தி மெதுவாகச் சொன்னார். "மிடசோலம் வகை மருந்தைக் குளிசையாக நிறைய வருசம் எடுத்த ஆள் மாதிரி இருக்கு. திடீரெண்டு நிறுத்தினா இப்படி வரும். பட்டணத்தில் மிடசோலம் ஏறினது, அதனால தெரியல்லை. நாங்க மாற்றினோம், தெரிந்தது. ஆனா எனக்கு நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாமல் மிடசோலம் ஏற்றி, உள்ளே இரத்தம் இருந்தால், மருந்து அதை மறைக்கும். ஆள் போகும். வீட்டு ஆட்களிடம் கேளுங்க. உடனே."

ஓடினேன். பார்வையாளர் நேரம். கொரிடோர் வாங்கில் மூன்று பேர். மகள் தர்சினி. மலர் அக்காவின் தம்பி சிவம், வேட்டி சால்வையோடு. அவர்தான் அந்த வீட்டுக்கு எல்லாம். மூன்றாவது ஒரு அம்மா, நல்ல வொயில் சேலை, மடியில் சூப் பிளாஸ்க். இரணைமடுப் பக்கத்தில் வயல் உள்ள குடும்பம், பெயர் பரமேஸ்வரி, தர்சினியைத் தன் மகனுக்குப் பேசியிருக்கிறார் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"அக்கா என்ன குளிசை எடுக்கிறவா?" என்றேன்.

"குளிசையோ?" சிவம் சிரித்தார். "என்ர அக்கா ஒரு பனடோல் கூடப் போடமாட்டா மிஸ்ஸி. அவ்வளவு ஆரோக்கியம்."

"நித்திரைக்கு? மனக்கவலைக்கு? கிளினிக்கில தாறது?"

"என்ன கதை கதைக்கிறீங்கள்? எங்கட குடும்பத்தில அப்பிடி ஒருத்தருமில்லை." அவருடைய கண் பரமேஸ்வரி அம்மாவின் பக்கம் ஒருதரம் போய் வந்தது.

எனக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. சண்டைக்குப் பிறகு எத்தனையோ பேர் இரவுக் குளிசை இல்லாமல் கண் மூடுவதில்லை. ஆனால் மனநலக் கிளினிக்குக்குச் சொந்த ஊரில் போக மாட்டார்கள். மல்லாவியும் கிளிநொச்சியும் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போகும். வவுனியாவில் உள்ளவர்கள் இங்காலே வருவார்கள். கேட்டால் கோயில், கேட்டால் வங்கி. "விசர் மருந்து எடுக்கிற வீடு" என்று ஒரு கதை கிளம்பினால் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கலியாணம் ஒப்பேறாது. இதைத் தெரிந்துதான் நான் சிவத்தை எழும்பி வரச் சொல்லித் தனியாகக் கூப்பிட்டேன். அவர் எழும்பவில்லை. எழும்பினால் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடுமே! வாங்கோடு ஒட்டிக்கொண்டு இருந்தார்.

"இஞ்ச வாங்கோ ஐயா, ரெண்டு நிமிசம்."

"எதெண்டாலும் இதில சொல்லுங்கோ. எங்களிட்ட ஒளிவு மறைவில்லை."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "வெளியில நிக்கிற அம்புலன்ஸ் ஆருக்கெண்டு நினைக்கிறியள்? உங்கட அக்காக்கு. ஏத்தினா வழியில போனாலும் போவா. ஒரு குளிசையின்ர கதை தெரிஞ்சா ஏத்தாமலே காப்பாத்தலாம். இப்ப சொல்லுங்கோ, எடுக்கிறவாவோ, இல்லையோ?"

"இல்லை" என்றார் சிவம். சொல் மாறவில்லை. கடவுளே, அந்த மனிசனுக்குத் தமக்கையில் உயிர். மருமகளின் வாழ்க்கையையும் தமக்கையின் உயிரையும் ஒரே நேரத்தில் கையில் தூக்கிக் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்? இன்றைக்கு அப்படி யோசிக்கிறேன். அன்றைக்கு அறையத்தான் வந்தது.

தர்சினி எழும்பினாள்.

"எடுக்கிறவா, மிஸ்ஸி."

"வாயை மூடு பிள்ளை!"

"இல்லை மாமா. அம்மா செத்தா எனக்கு என்னத்துக்குக் கலியாணம்?" என்னைப் பார்த்துச் சொன்னாள், ஆனால் பரமேஸ்வரி அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். "வவுனியாக் கிளினிக்கில தாறவை. இரவில ரெண்டு, சின்ன வெள்ளைக் குளிசை. அண்ணாவைத் தவறவிட்ட காலத்தில இருந்து எடுக்கிறா. ஒருநாள் விட்டாலும் நடுங்குவா. அடிபட்ட அண்டைக்கும் கோயிலுக்குப் போகேல்லை. கிளினிக்குக்குத்தான் போட்டு வந்தவா." குளிசையின் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. சொன்னாள்.

பரமேஸ்வரி அம்மா மடியில் இருந்த பிளாஸ்கை வாங்கில் வைத்தார். எழும்பினார். கொரிடோர் வழியே வெளியே போனார். சிவம் தலையில் கைவைத்தார். "பார், போட்டா. இனி ஊர் முழுக்கத் தெரியும்" என்றார். தர்சினி அவரைப் பார்க்கவில்லை. போகிற அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை அணைக்க எனக்கு நேரமில்லை. உள்ளே ஓடினேன்.

டொக்டர் நிலந்தி குளிசையின் பெயரைக் கேட்டதும் ஒரு பெரிய மூச்சு விட்டார். மிடசோலத்தைச் சின்ன அளவில் தொடர்ந்து ஏற்றச் சொன்னார், மூக்குக் குழாயால் மலர் அக்காவின் சொந்தக் குளிசையையும் கொடுக்கச் சொன்னார். "அம்புலன்ஸை அனுப்ப வேண்டாம். நிற்கட்டும். கண்மணியில் வித்தியாசம் வந்தால், ஒரு கை சோர்ந்தால், அடுத்த நிமிசம் போறோம்." சாரதி இரண்டு தரம் வந்து கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்தார். நான் லைற்றும் கையுமாகக் கட்டிலடியை விட்டு அசையவில்லை. கண்மணி பார், கையை இறுக்கச் சொல்லு, வேர்வையைத் துடை, திரும்பக் கண்மணி பார். என் கால் ஒரு இடத்தில் நிற்காமல் தவண்டை அடித்தது. டொக்டர் என் கால்களை ஒருதரம் பார்த்தார். அவரும் நின்றபடிதான் நின்றார்.

வெயில் சாய முதல் பிறஷர் இறங்கியது. வேர்வை காய்ந்தது. கூப்பிட்டால் கண் திறந்தார், விட்டால் கண்ணை மூடினார். டொக்டர் நிலந்தி வெளியில் போய்ச் சாரதியிடம் தானே சொல்லி வண்டியை அனுப்பிவிட்டு வந்தார். கை கழுவும்போது என்னிடம் கேட்டார், "ஏன் மிஸ்ஸி அவருடைய தம்பி சொல்லவில்லை? ஒரு குளிசை தானே?"

"உங்களுக்குக் குளிசை, டொக்டர். எங்கட ஊரில அதுக்கு வேற பெயர்" என்றேன். விளக்கமாகச் சொன்னேன். அவர் கையைத் துடைக்காமலே கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த நாளில் இருந்து எங்கள் பிரிவில் கேட்கிற விதம் மாறியது. குளிசை எடுக்கிறாரா என்று யாரிடமும் கேட்பதில்லை. உறவினர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு, "எந்த ஊர்க் கிளினிக்?" என்று கேட்போம். எடுக்கிறார் என்று நாங்களே முடிவு கட்டிக் கேட்டால் ஒளிக்க இடமில்லை. இல்லாதவர்கள் இல்லை என்பார்கள். ஆனால் எத்தனை பேர் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள் தெரியுமா, சுகந்தி? உன்னுடைய அட்டையில் அந்தக் கேள்வி இருக்கிறதா என்று போய்ப் பார்.

மலர் அக்காவின் குழாயைச் சில நாட்களில் எடுத்தோம். அதன் பிறகு மிடசோலத்தை நிறுத்தினோம், குளிசை தொடர்ந்தது. குரல் கம்மியிருந்தது, ஆனால் ஆள் தெளிவு. பிள்ளையைத் தேடினார், தேத்தண்ணி கேட்டார், தலையை மொட்டை அடித்ததற்கு என்னை ஏசினார். தர்சினி தாயின் காலைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். சிரிப்பாள், ஆனால் சிரிப்புக் கண்ணுக்குப் போகாது. பரமேஸ்வரி அம்மா வரவில்லை, போன் எடுக்கவுமில்லை. சிவம் வாசலில் நிற்பார், மருமகளோடு கதைப்பதில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டு ஒரு பிள்ளையின் வாழ்வைக் குலைத்துவிட்டோமே என்று எனக்கு மனம் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட இருந்தால் அந்தப் பிள்ளையின் முகம்தான் வந்தது.

வார்ட்டுக்கு மாற்றுகிற நாளன்று காலை, நான் கதவைத் திறந்தால் வெளியில் பரமேஸ்வரி அம்மா நிற்கிறார். கையில் ஒன்றும் இல்லை. முகம் வீங்கியிருந்தது.

"சம்பந்தம் வேண்டாமெண்டு சொல்ல வந்தனீங்களெண்டா இண்டைக்கு வேண்டாம் அம்மா. அவா எழும்பி இருக்கிறதே இப்பதான்" என்றேன். கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன்.

"அதுக்கில்லை மிஸ்ஸி." சேலைத் தலைப்பை முறுக்கினார். "எனக்கு அண்டைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்தத் தம்பி பனடோல் கூடப் போடமாட்டா எண்டு சொல்லேக்க, அது பொய்யெண்டு எனக்குத் தெரியும். நான் அவாவை வவுனியாக் கிளினிக்கில கண்டனான். ஒருக்கா இல்லை, எத்தினை தரம்! எனக்கும் அதே செவ்வாய்க்கிழமைக் கிளினிக்தான். என்ர மகனுக்கே தெரியாது. அந்த வீட்டில மகனுக்குப் பொம்பிளை எடுத்தா என்னை ஒருத்தரும் விசரி எண்டு பாக்கமாட்டினம் எண்டுதான் நான் சம்பந்தம் கேட்டுப் போனனான்." அழத் தொடங்கினார். "அம்புலன்ஸ் நிக்குது. நீங்கள் கத்துறியள். நான் வாயைத் திறக்கேல்லை, மிஸ்ஸி. சின்னப் பிள்ளை, அது திறந்தது. அதின்ர முகத்தைப் பாக்கேலாமல்தான் ஓடினனான்."

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல கோபம். ஒரு சொல், ஒரே ஒரு சொல் இந்த மனுசி அன்றைக்குச் சொல்லியிருந்தால்! பிறகு அவருடைய கையைப் பார்த்தேன். அந்த விரல்கள் தலைப்பை முறுக்கி, அவிழ்த்து, நிற்காமல் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தன. ஏசவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

தர்சினி கண்டதும் எழும்பி ஒதுங்கி நின்றாள். பரமேஸ்வரி அம்மா அவளுடைய தோளை ஒருதரம் தொட்டுவிட்டுக் கட்டிலடிக்குப் போனார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் முதுகில் மெல்லத் தட்டினேன்.

"நான் உங்களைக் கிளினிக்கில கண்டிருக்கிறன் அக்கா" என்றார். "நானும் அங்கதான் வாறனான்."

மலர் அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். கம்மிய குரலை இரண்டு தரம் செருமிச் சரிசெய்துகொண்டார்.

"நானும் உங்களைக் கண்டனான்" என்றார். "நீங்கள் முகத்தைத் திருப்பினபடியால் நானும் திருப்பினனான்."